அடுப்பில்லாத அறையில் புரத உருண்டை: கொடைக்கானல் குளிருக்கு ஒரு செய்முறை

நாயுடுபுரத்தில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறார். அறையில் அடுப்பு கிடையாது. ஒரு சின்ன மிக்சியும் தண்ணீர் சுட வைக்கும் கெட்டிலும் மட்டும் உண்டு. காலையில் ஏரியைச் சுற்றி ஓடுகிறார், சாயங்காலம் ஜிம். வீடியோ பார்த்து ஓட்ஸ் ஒரு கப், பீநட் பட்டர் அரை கப், தேன் கால் கப்புக்கு மேல், சாக்லேட் துண்டுகள் அரை கப், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் என்று சேர்த்து உருண்டை பிடித்தாராம். முதல் தடவை கல்லாகிவிட்டது. அடுத்த தடவை எண்ணெயைக் குறைத்தார், உதிர்ந்துவிட்டது. மூன்றாவதாக, ஈரப்பதமான ஒரு வாரத்தில் டப்பாவுக்குள் பூஞ்சை. ஒரு உருண்டையில் உண்மையில் எவ்வளவு புரதம் இருக்கும், புரதப் பொடி வாங்காமல் முடியாதா, ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகலாமா என்பவை மற்ற கேள்விகள்.

முதலில் புரதக் கணக்கைப் பார்த்துவிடுவோம். அது தெரிந்தால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

நீங்கள் செய்த கலவையில் ஓட்ஸ் சுமார் 90 கிராம் இருக்கும், அதில் புரதம் 11, 12 கிராம். பீநட் பட்டர் 125 கிராம் என்று வைத்தால் 31 கிராம் புரதம். சாக்லேட்டில் நாலு கிராம் கிடைத்தால் பெரிய விஷயம். தேனிலும் தேங்காய் எண்ணெயிலும் ஒன்றும் இல்லை. ஆக மொத்தக் கலவை 400 கிராமில் 47, 48 கிராம் புரதம். 25 கிராம் உருண்டையாகப் பிடித்தால் ஒன்றுக்கு 3 கிராம்கூட வராது. அதே உருண்டையில் சர்க்கரை ஏறக்குறைய 8 கிராம். சாப்பிடக் கூடாது என்று சொல்லவில்லை, ருசியான இனிப்பு. ஆனால் புரதத்துக்காகச் சாப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு நாலு உருண்டையை உள்ளே தள்ளினால், கணக்கு வேறு எங்கோ போய் நிற்கும்.

புரதம் எங்கே இருக்கிறது? நிலக்கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம். பொட்டுக்கடலையில் (திண்டுக்கல், மதுரைப் பக்கம் பொரிகடலை என்று கேளுங்கள்) 20 கிராமுக்குக் குறையாது. எள்ளில் 18 கிராமும் அதற்குச் சற்று மேலும். கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் 35 கிராம் அளவு. வே (பாலிலிருந்து பிரித்தெடுப்பது) புரதப் பொடியில் ரகத்தைப் பொறுத்து 70 முதல் 80 கிராம். பேரீச்சம்பழத்தில் வெறும் 2 கிராம்தான். அது இனிப்புக்கும் ஒட்டுக்கும் மட்டும்.

இதில் பொட்டுக்கடலையை நம் ஆட்கள் சட்னிக்கு மேல் மதிப்பதில்லை. அடுப்பில்லாதவர்களுக்கு இதைவிடத் தோதான பொருள் கடையில் கிடையாது. ஏற்கெனவே வறுத்து, தோல் நீக்கி வருவதால் அப்படியே பொடித்துச் சாப்பிடலாம். கடலை மாவு அப்படி இல்லை, அது பச்சை மாவு. அதை வேகவைக்காமலோ வறுக்காமலோ உருண்டையில் போடக் கூடாது. செரிக்காது, வயிறு உப்பும். சோயா மாவும் அதே கதைதான். ஓட்ஸைப் பச்சையாகப் போடலாம், தொழிற்சாலையிலேயே ஆவியில் வைத்துத் தட்டித்தான் வருகிறது. அவலும் அப்படியே.

பொட்டுக்கடலையும் எள்ளும் சேர்வதில் இன்னொரு நன்மை உண்டு. புரதம் அமினோ அமிலங்கள் என்ற சின்னச் சின்னக் கூறுகளால் ஆனது. அவற்றில் லைசின் என்பது பருப்பு வகைகளில் நிறைய, மெத்தியோனின் என்பது குறைவு. எள்ளில் அது தலைகீழ். ஒன்றில் இல்லாததை மற்றொன்று ஈடுகட்டும். ஒரே உருண்டையில்தான் சேர வேண்டும் என்ற கட்டாயமில்லை, ஒரே நாளின் சாப்பாட்டில் சேர்ந்தாலும் போதும். ஆனாலும் சேர்த்தே பிடித்துவிட்டால் யோசிக்க வேண்டிய வேலை மிச்சம்.

நான் சொல்லும் அளவு இது. வறுத்த நிலக்கடலை 150 கிராம், பொட்டுக்கடலை 150 கிராம், வெள்ளை எள் 40 கிராம், விதை நீக்கிய பேரீச்சம்பழம் 120 கிராம், தேன் 40 கிராம் (இரண்டு மேசைக்கரண்டி), ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய் அல்லது சுக்குப் பொடி கொஞ்சம். சுக்கு என்றால் எனக்கு இஷ்டம். இந்தக் குளிருக்கு நல்லது என்பார்கள், ருசிக்கு நல்லது என்பது நிச்சயம். மொத்தம் அரைக் கிலோ வரும், 25 கிராம் உருண்டை 20. மொத்தப் புரதம் சுமார் 76 கிராம், ஒரு உருண்டைக்கு 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. சர்க்கரை ஐந்தரை கிராம் அளவில் நிற்கும். கலோரி ஒன்றுக்கு 105 போல வரும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முட்டை: 6 கிராம் புரதம், 75 கலோரி. இரண்டு உருண்டை முட்டையைவிடக் கொஞ்சம் கூடுதல் புரதம் தரும், ஆனால் கலோரி மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. முட்டை சாப்பிடுகிறவராக இருந்து, எடை குறைக்கும் எண்ணமும் இருந்தால், உருண்டையைவிட அவித்த முட்டைதான் நேர்வழி. கெட்டிலில் முட்டை அவிக்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உருண்டையின் அருமை வேறு: சீக்கிரம் கெடாது, பையில் போட்டுக்கொள்ளலாம், கை கழுவ இடம் தேட வேண்டாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்? ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ எடைக்கு 50 கிராம். பளு தூக்குகிறவர்களுக்கு, தொடர்ந்து கடும் பயிற்சி செய்கிறவர்களுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை என்று விளையாட்டு ஊட்டச்சத்துத் துறையில் சொல்கிறார்கள். இரண்டு உருண்டை தருவது 7, 8 கிராம். ஆக, பருப்பு, தயிர், முட்டை, மீன், சுண்டல் எல்லாம் தட்டில் இருந்தே ஆக வேண்டும். உருண்டை இடையில் பசியைத் தாங்குவதற்கு.

இப்போது செய்முறை. மலையில் செய்வதற்கும் கீழே செய்வதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வருகிறது.

உங்கள் முதல் உருண்டை கல்லானதற்குத் தேங்காய் எண்ணெய் ஒரு காரணம். அது 24 டிகிரி வெப்பத்துக்குக் கீழே உறைந்துவிடும். சென்னையில் எடுத்த வீடியோவில் ‘ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள், இறுகிவிடும்’ என்று சொல்வதற்கு அர்த்தம் உண்டு. 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில், அறையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. சாப்பிடும்போதும் அது இளகுவதில்லை. நெய்யும் அப்படித்தான். ஒட்டுக்கு நிலக்கடலையின் சொந்த எண்ணெய் போதும், அது இந்தக் குளிரில் உறையாது. கையில் தடவிக்கொள்ளவும் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ சில சொட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம் தேன். 10 முதல் 15 டிகிரி வரையான குளிரில் தேன் வேகமாகப் பூக்கும், சர்க்கரை மாதிரி மணிமணியாக உறையும். அது கலப்படத்தின் அடையாளம் என்று பலர் பயப்படுகிறார்கள். நல்ல தேனும் பூக்கும். ஆனால் பூத்த தேனை அப்படியே கலந்தால் ஒட்டு சரியாக இருக்காது, உருண்டை ஆற ஆற இறுகும். கெட்டிலில் தண்ணீரைச் சுட வைத்து ஒரு கிண்ணத்தில் ஊற்றி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் தேன் பாட்டிலை அதில் நிறுத்துங்கள், இளகிவிடும். கொதிக்கிற தண்ணீரில் வைக்க வேண்டாம், மணம் போய்விடும்.

பேரீச்சம்பழத்துக்கும் இதே வழி. எல்லோரும் வெந்நீரில் ஊறப்போடச் சொல்வார்கள். மலையில் அதைச் செய்யாதீர்கள். பழத்துக்குள் போகும் தண்ணீர்தான் பிறகு பூஞ்சையாக வெளியே வருகிறது. விதை எடுத்த பழத்தை எவர்சில்வர் டம்ளரில் போட்டு, மேலே தட்டு மூடி, அந்த டம்ளரை வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கிக் கால் மணி நேரம் விடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் பழம் மெத்தென்று ஆகிவிடும். தட்டில் வேர்த்திருந்தால் அந்த நீர் டம்ளருக்குள் விழாமல் பார்த்து எடுங்கள்.

மிக்சியில் வரிசை முக்கியம். பொட்டுக்கடலையை முதலில் தனியாகப் பொடித்து எடுத்து வையுங்கள். அடுத்து எள். வறுத்த எள்தான் நல்லது. பச்சை எள்ளில் லேசான கசப்பு இருக்கும். தெரிந்த வீட்டில் ஒரு வாணலி கிடைத்தால் படபடவென்று வெடிக்கும் வரை வறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வழியில்லை என்றால் அளவைப் பாதியாக்கி, அந்த இடத்தை நிலக்கடலையால் நிரப்புங்கள். அப்புறம் நிலக்கடலை. தோல் நீக்கி, விட்டு விட்டு ஓட்டுங்கள். முதலில் ரவை மாதிரி வரும், பிறகு பக்கங்களில் ஒட்ட ஆரம்பிக்கும். உங்கள் இரண்டாவது உருண்டை உதிர்ந்தது ஒட்டு போதாமல்தான். தேங்காய் எண்ணெயைக் குறைத்தீர்கள், பீநட் பட்டரும் குளிரில் கெட்டியாக இருந்திருக்கும். நிலக்கடலையை வைத்துச் செய்யும்போதும் அந்த ஆபத்து உண்டு. எண்ணெய் விடும் முன்பே மிக்சியை நிறுத்திவிட்டால் உதிரத்தான் செய்யும். மார்கழி, தை மாதங்களில் கடலையே ஐஸ் மாதிரி இருக்கும், எண்ணெய் விட நேரமெடுக்கும். கடலை டப்பாவையும் வெந்நீர்ப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு அரைத்தால் சீக்கிரம் விடும். இரண்டு விரலால் அழுத்தினால் பிடித்துக்கொள்ள வேண்டும், அதுதான் பதம். முழுக்கக் கூழாக்க வேண்டாம், கடிபட இருந்தால்தான் ருசி.

கடைசியில் பேரீச்சம்பழத்தை, ஒரு கரண்டி பொட்டுக்கடலை மாவோடு சேர்த்து அரையுங்கள். மாவு இல்லாவிட்டால் பழம் பிளேடைச் சுற்றிக்கொண்டு மிக்சி முனகும். எல்லாவற்றையும் அகலமான பாத்திரத்தில் கொட்டி, கையால் பிசிறி, இளகிய தேனைக் கரண்டி கரண்டியாகச் சேருங்கள். ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்கள். உடையாமல் நின்றால் தேனை நிறுத்திவிடுங்கள், அளவு மிச்சமிருந்தாலும் சரி. கொஞ்சம் பிசுபிசுப்பாகத் தெரிந்தால் உடனே மாவு அள்ளிப் போடத் தோன்றும். போடாதீர்கள். இருபது நிமிஷம் மூடி வைத்தால் பொட்டுக்கடலை ஈரத்தை இழுத்துக்கொண்டு சரியான பதத்துக்கு வந்துவிடும். அந்தப் பொறுமை இல்லாமல் போட்ட மாவுதான் மறுநாள் தொண்டையை அடைக்கிறது.

புரதப் பொடி கட்டாயமில்லை. சேர்க்க விரும்பினால், இருக்கிற கலவைக்கு மேலே கொட்டாமல், 50 கிராம் பொட்டுக்கடலையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 50 கிராம் வே பொடி போடுங்கள். அப்போது ஒரு உருண்டைக்கு 5 கிராம் புரதம் வரும். தேன் ஒரு கரண்டி கூட வேண்டியிருக்கும். வே பொடி நாளாக நாளாக ஈரத்தை உறிஞ்சி இறுகும் குணமுள்ளது, ஆகவே அந்த ரகத்தை நாலைந்து நாளில் தீர்த்துவிடுங்கள். வாங்கும்போது டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிம்மில் யாரோ பிரித்து, கவரில் போட்டுக் கொடுக்கும் பொடியைத் தொட வேண்டாம். வேயின் விலை கட்டுப்படியாகாதவர்கள் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 50 கிராம் போட்டாலும் 4 கிராமைத் தாண்டும். பால் பவுடர் இந்த ஊர்க் காற்றில் கட்டி கட்டியாகிவிடும், சலித்துப் போடுங்கள்.

பீநட் பட்டர் போடுகிறீர்கள் என்றால் பொருள் பட்டியலைப் படியுங்கள். நிலக்கடலை, உப்பு, அவ்வளவுதான் இருக்க வேண்டும். பல பாட்டில்களில் சர்க்கரையும் வேறு கொழுப்பும் சேர்ந்திருக்கும்.

பூஞ்சைக்கு வருவோம், இதில் விளையாடக் கூடாது. பழனி பஞ்சாமிர்தத்தை நினைத்துப் பாருங்கள். மலைவாழைப்பழம், வெல்லம், தேன், நெய், பேரீச்சம்பழம் எல்லாம் அதில் உண்டு. தண்ணீர் விடாமல், அடுப்பில் ஏற்றாமல் பிசைகிறார்கள், ஃப்ரிட்ஜும் இல்லாமல் நாள் கணக்கில் நிற்கிறது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது. வாழைப்பழ ஈரத்தைச் சர்க்கரையும் வெல்லமும் கட்டிப்போட்டுவிடுவதால் கிருமிக்குத் தண்ணீர் கிடைப்பதில்லை. நம் உருண்டையில் அவ்வளவு இனிப்பு கிடையாது, அந்தப் பாதுகாப்பும் கிடையாது. அதனால்தான் உள்ளே ஈரமே போகக் கூடாது என்கிறேன். வாழைப்பழம், தேங்காய்த் துருவல், பால், தாண்டிக்குடி பக்கமிருந்து வரும் வெண்ணெய்ப்பழம் இவற்றில் எது சேர்ந்தாலும் ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் முடித்துவிட வேண்டும்.

வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கும்போது, பேரீச்சம்பழமே பாதுகாப்பு. உருண்டைகளை நன்றாக ஆறவிட்டு, ஈரமில்லாத எவர்சில்வர் அல்லது கண்ணாடி டப்பாவில் போடுங்கள். தினமும் திறக்க ஒரு சின்ன டப்பா, மீதிக்கு ஒரு பெரிய டப்பா என்று பிரித்தால் நல்லது. நனைந்த கையை உள்ளே விடாதீர்கள். இப்படி வைத்தால் ஒரு வாரம் தாராளமாக நிற்கும். ஃப்ரிட்ஜ் வசதி இருந்தால் இரண்டு வாரம்; எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டுத் திறங்கள், இல்லையென்றால் உருண்டை மேலே நீர் கோக்கும்.

எந்த டப்பாவிலும் ஒரு உருண்டையில் பூஞ்சை தெரிந்தால் அதை மட்டும் எடுத்து எறிந்துவிட்டு மற்றதைச் சாப்பிடாதீர்கள். நிலக்கடலையில் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், கல்லீரலுக்குக் கெடுதல், வறுத்தாலும் முழுதாகப் போகாது. மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். கடலை வாங்கும்போதே சுருங்கியது, கறுத்தது, சிக்கு வாசனை அடிப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். கசப்பான ஒரு கடலை வாயில் பட்டால் துப்பிவிடுவது நம் வீட்டுப் பழக்கம்தானே, அது சரியான பழக்கம்.

சாக்லேட் இல்லாமல் மனசு கேட்கவில்லை என்றால், இந்த ஊரில் அதற்குப் பஞ்சமா? தடுக்கி விழுந்தால் ஹோம்மேட் சாக்லேட் கடை. உருக்கி மேலே தோய்த்து எடுத்தால் ஃப்ரிட்ஜ் இல்லாமலே நிமிஷத்தில் உறையும். ஆனால் பல கடைகளில் விற்பது கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்புச் சேர்த்த காம்பவுண்ட் ரகம். புரதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சர்க்கரை சேர்க்காத கோகோ பவுடர் ஒரு மேசைக்கரண்டி கலவையில் போட்டால் அந்த வாசனை வந்துவிடும், எனக்கு அது போதும்.

தினை மாவும் தேனும் போட்டுப் பிடிக்கலாமா என்று இன்னும் சிலர் கேட்பதுண்டு. வள்ளி முருகனுக்குக் கொடுத்ததே அதுதானே, இந்த மலைக்கு இதைவிடப் பொருத்தமான உருண்டை கிடையாது. வறுத்துப் பொடித்த தினை மாவாக இருக்க வேண்டும். புரதம் 100 கிராமுக்கு 12 கிராம் அளவுதான், ஓட்ஸ் மாதிரி. நீண்ட தூரம் ஏறுகிற நாளில் தெம்புக்கு நல்லது. புரத உருண்டை என்று பெயர் சூட்ட வேண்டுமானால் பாதிக்குப் பாதி பொட்டுக்கடலை சேருங்கள்.

எப்போது சாப்பிடுவது என்பதில் பெரிய ரகசியம் இல்லை. கடலைக் கொழுப்பு மெதுவாகச் செரிக்கும், ஓடப் போகும் முன் இரண்டு உருண்டை சாப்பிட்டால் ஏரியைப் பாதி சுற்றும்போதே வயிறு நினைவூட்டும். ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒன்று, அல்லது ஜிம் முடிந்து ஒன்றிரண்டு. நாள் முழுவதற்குமான மொத்தப் புரதம்தான் முக்கியம், நேரம் அடுத்தபட்சம்.

பிறருக்குக் கொடுக்கும்போது கவனம் வேண்டியவை: நிலக்கடலை, எள் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கூடவே கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கடலை துண்டு துண்டாக இருந்தால் புரையேறும், நைசாக அரைத்துச் சின்னதாகப் பிடியுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பேரீச்சம்பழம் இயற்கை இனிப்புதானே என்று நம்பி அதிகம் சாப்பிட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கடைசிக் கேள்வி, ஊருக்கு எடுத்துப் போவது. பஸ் வத்தலக்குண்டை நெருங்கும்போது வெப்பம் பத்து, பதினைந்து டிகிரி ஏறிவிடும். அறையில் கச்சிதமாக இருந்த உருண்டை அங்கே இளகி, எண்ணெய் கசிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பயணத்துக்கென்று பிடிப்பதில் தேனை ஒரு கரண்டி குறைத்து, பொட்டுக்கடலை மாவை இரண்டு கரண்டி கூட்டி, மேலே எள்ளில் புரட்டி எடுங்கள். சாக்லேட் தோய்த்தது வேண்டாம். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றத் தேவையில்லை. பட்டர் பேப்பர் துண்டுகளை நடுவே வைத்து டப்பாவில் அடுக்கினால் போதும். கீழே போய்ச் சேர்ந்ததும் வெயில் காலமாக இருந்தால் நாலு நாளுக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம், ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லிவிடுங்கள்.